சிரிய அகதிச் சிறாரின் ரோபோக்கள்: திறமை உண்டு, ஆவணம் இல்லை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம், பதின்ம வயதினருக்கான சர்வதேச ரோபோ போட்டி ஒன்று நடைபெற்றது. 150க்கும் அதிகமான நாடுகளிலிருந்து மாணவர்கள் தங்கள் நாட்டுக் கொடிகளுடன் அதில் கலந்துகொண்டனர். அவர்களுக்கு நடுவே, எந்த நாட்டின் பெயரையும் தாங்காமல் ஓர் அணி வந்திருந்தது. லெபனானில் அகதிகளாக வாழ்ந்துவந்த சிரிய மாணவர்களைக் கொண்ட அந்த அணி, 'டீம் ஹோப்', அதாவது 'நம்பிக்கை அணி' என்ற பெயரில் களமிறங்கியது.

அதன் பின்னர் 2018இல் மெக்ஸிகோ சிட்டியிலும் 2019இல் துபாயிலும் நடந்த போட்டிகளிலும் அகதிகள் அணிக்கு இடம் கிடைத்தது. லெபனான், ஜோர்தான், துருக்கி ஆகிய நாடுகளில் இடம்பெயர்ந்து வாழ்ந்த சிரியச் சிறாருக்கு ரோபோ தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் முயற்சிகள் கடந்த பத்தாண்டுகளில் பல இடங்களில் நடந்துள்ளன.

வாய்ப்புக் கொடுத்தால் அகதிச் சிறாரும் மற்றவர்களுக்கு இணையாகச் சாதிப்பார்கள் என்பதை இந்த முயற்சிகள் காட்டியுள்ளன. அதே வேளையில், கற்ற திறமையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பவை எவை என்ற கேள்வியையும் அவை எழுப்பியுள்ளன.

நாடற்றோருக்கு ஓர் அணி

'ஃபர்ஸ்ட் குளோபல் சேலஞ்ச்' எனப்படும் இந்தப் போட்டியின் பின்னணியில் இருப்பவர் டீன் கேமன். இரு சக்கரங்களில் நின்றபடி பயணிக்கும் 'செக்வே' வாகனத்தை உருவாக்கிய அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இவர். பள்ளி மாணவரிடையே அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பதற்காக 1989ஆம் ஆண்டில் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பை அவர் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக உருவானதே, நாடுகளுக்கிடையிலான இந்தப் போட்டி.

ஒரு நாட்டுக்கு ஓர் அணி என்பது இதன் அடிப்படை விதி. 14 முதல் 18 வயது வரையிலான மாணவர்கள் இதில் பங்கேற்கலாம். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடின்றி எல்லா அணிகளுக்கும் ஒரே வகையான உதிரிப்பாகங்கள் அடங்கிய பெட்டி அனுப்பப்படுகிறது. சில மாதங்களுக்குள் அவற்றைக் கொண்டு ஒரு ரோபோவை வடிவமைத்து, பொருத்தி, அதை இயக்கும் கணினி நிரலையும் எழுத வேண்டும்.

போட்டிக் களத்தில் மூன்று நாடுகளின் அணிகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, வேறு மூன்று நாடுகளின் கூட்டணியை எதிர்கொள்கின்றன. ஒரு சுற்றில் எதிரணியாக இருந்த நாடு, அடுத்த சுற்றில் கூட்டாளியாக வரக்கூடும். எனவே மற்ற அணிகளுடன் பேசவும் திட்டமிடவும் தெரியாத அணி, எவ்வளவு நல்ல ரோபோவைக் கொண்டுவந்தாலும் முன்னேறுவது கடினம்.

ஒவ்வோர் ஆண்டும் உலகப் பிரச்சினை ஒன்று போட்டியின் கருப்பொருளாகிறது. 2017இல் அது தூய்மையான குடிநீர். நீல நிறப் பந்துகள் நல்ல நீரையும், செம்மஞ்சள் நிறப் பந்துகள் மாசுகளையும் குறித்தன. அவற்றைச் சேகரித்துப் பிரிப்பது ரோபோக்களின் வேலை. தண்ணீர் லாரியை எதிர்பார்த்து வாழும் கூடாரக் குடியிருப்புகள் நிறைந்த ஒரு நாட்டிலிருந்து வந்த மாணவர்களுக்கு அந்தப் பிரச்சினையைத் தனியாக விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நாட்டின் அடிப்படையில் அமைந்த போட்டியில், நாட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு எப்படி இடமளிப்பது என்ற கேள்வி விளையாட்டுத் துறையில் ஏற்கெனவே எழுந்திருந்தது. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பத்து வீரர்களைக் கொண்ட அகதிகள் அணி முதல் தடவையாகப் பங்கேற்றது. சிரியாவைச் சேர்ந்த இரண்டு நீச்சல் வீரர்களும் அதில் இருந்தனர். அடுத்த ஆண்டே அறிவியல் களத்திலும் அதே வழி பின்பற்றப்பட்டது.

பெக்கா பள்ளத்தாக்கின் நிலை

சிரியாவில் 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய கிளர்ச்சி உள்நாட்டுப் போராக மாறியபோது, மக்கள்தொகையில் பாதிக்கும் அதிகமானோர் வீடுகளை இழந்தனர். ஆறு மில்லியனுக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். லெபனானில் பதிவு செய்துகொண்ட சிரிய அகதிகளின் எண்ணிக்கை 2014 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2015 மே மாதத்தில், புதிய அகதிகளைப் பதிவு செய்வதை நிறுத்துமாறு அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகத்தை லெபனான் அரசு கேட்டுக்கொண்டது. அதற்குப் பின் வந்தவர்கள் கணக்கில் சேரவில்லை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் லெபனான் கையொப்பமிட்ட நாடல்ல. சிரியர்களுக்கென அதிகாரபூர்வ முகாம்களை அமைக்கவும் அது அனுமதிக்கவில்லை. எனவே சிரிய எல்லையை ஒட்டிய பெக்கா பள்ளத்தாக்கின் விளைநிலங்களில், மரச்சட்டங்களையும் பிளாஸ்டிக் விரிப்புகளையும் கொண்டு அமைத்த கூடாரங்களில் அகதிகள் குடியேறினர். கூடாரம் நிற்கும் நிலத்துக்கும் வாடகை செலுத்த வேண்டியிருந்தது.

லெபனான் அரசுப் பள்ளிகள் சிரியச் சிறாருக்காகப் பிற்பகலில் இரண்டாவது வகுப்பு முறையை நடத்தின. சிறிய நாடொன்றுக்கு அது பெரும் சுமை. பல லட்சம் சிறாரைத் தன் பள்ளிகளுக்குள் சேர்த்துக்கொள்வது எந்த அரசுக்கும் எளிதான செயலல்ல. இருந்தபோதிலும், பள்ளி வயதுச் சிரியச் சிறாரில் ஏறக்குறைய பாதிப் பேர் பல ஆண்டுகளாக முறையான கல்விக்கு வெளியிலேயே இருந்தனர்.

இதற்கு மொழியும் ஒரு காரணம். சிரியாவில் எல்லாப் பாடங்களும் அரபு மொழியில் கற்பிக்கப்பட்டன. லெபனானிலோ கணிதமும் அறிவியலும் பிரெஞ்சு அல்லது ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. சிரியாவில் கணக்கில் தேர்ச்சி பெற்றிருந்த மாணவர், லெபனானில் கேள்வியே புரியாமல் பின்தங்க நேரிட்டது.

வறுமை மற்றொரு காரணம். 'ஷாவிஷ்' எனப்படும் குடியிருப்புப் பொறுப்பாளர்கள் வயல் வேலைக்கு ஆட்களைச் சேர்த்து அனுப்புவது பெக்காவில் வழக்கம். உருளைக்கிழங்கு அறுவடைக் காலத்தில் சிறுவர், சிறுமியரும் அந்த வேலைக்குச் சென்றனர். பெண் பிள்ளைகள் பலரின் படிப்பு இளவயதுத் திருமணத்தால் முடிவுக்கு வந்தது.

இத்தகைய சூழலில், 2013இல் சிரிய அகதிகளே தொடங்கிய 'மல்டி எய்ட் புரோகிராம்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் பெக்காவில் கல்வி மையங்களையும் மருத்துவச் சேவைகளையும் நடத்திவந்தது. அதன் கல்வித் திட்டங்களில் ரோபோட்டிக்ஸும் இடம்பெற்றது. வெளிநாட்டு அமைப்புகள் கொண்டுவந்து கொடுக்கும் உதவியாக மட்டும் இது நின்றுவிடவில்லை. அகதிகளான ஆசிரியர்களும் பொறியியல் படித்தவர்களும் தம் சமூகத்தின் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்த முயற்சி இது.

ஏன் ரோபோட்டிக்ஸ்?

உணவும் உறைவிடமுமே உறுதியில்லாத இடத்தில் ரோபோ எதற்கு என்ற கேள்வி இயல்பானது. படிப்பு இடைநின்ற மாணவரை மீண்டும் கல்விக்குள் கொண்டுவரும் முயற்சிகளில் இதற்கெனச் சில தனித்தன்மைகள் இருப்பதாகக் கல்வியாளர்கள் கருதுகின்றனர்.

மாணவர்கள் உருவாக்கும் ரோபோ பெரும்பாலும் மனித உருவில் இருப்பதில்லை. தூரத்தையோ நிறத்தையோ அறியும் உணரிகள், அத்தகவலைப் பெற்று முடிவெடுக்கும் சிறு கணினி, அந்த முடிவின்படி சக்கரத்தையோ கரத்தையோ அசைக்கும் மோட்டார்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. இவற்றை இணைப்பது மாணவர் எழுதும் நிரல்.

நேராகச் செல்ல வேண்டிய ரோபோ ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால், அதற்குக் காரணம் பல இருக்கலாம். ஒரு சக்கரம் தளர்ந்திருக்கலாம். எடை ஒரு பக்கம் கூடியிருக்கலாம். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கலாம். நிரலில் இரு மோட்டார்களுக்கும் வெவ்வேறு வேகம் கொடுக்கப்பட்டிருக்கலாம். மாணவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து, காரணத்தைக் கண்டறிந்து, திருத்திவிட்டு மீண்டும் ஓடவிடுகின்றனர். தவறு செய்தவருக்கு மதிப்பெண் குறைவதில்லை. திருத்தம் சரியா என்பது சில நொடிகளில் கண்முன்னே தெரிந்துவிடுகிறது.

பல ஆண்டுகள் பள்ளிக்குச் செல்லாத ஒருவருக்கு இது முக்கியமானது. எந்த வகுப்பில் படிப்பு நின்றது என்பதைப் பொருட்படுத்தாமல் தொடங்க முடியும். கோணம், விகிதம், வேகம் ஆகியவை புத்தகத்தில் வரும் முன்பே கையில் வந்துவிடுகின்றன. நிரல் மொழியின் கட்டளைகள் எல்லா நாட்டு மாணவருக்கும் ஒன்றே என்பதால், மொழி தெரியாத தாழ்வுணர்ச்சியும் குறைகிறது.

தங்கள் வாழ்வின் பெரும்பாலான முடிவுகளைப் பிறர் எடுக்கும் நிலையில் வாழ்பவர்கள் அகதிகள். எங்கே குடியிருப்பது, எந்த வேலை செய்வது, எப்போது பயணிப்பது என எதுவும் அவர்கள் கையில் இல்லை. தான் எழுதிய கட்டளைக்கு ஒரு பொருள் அடிபணிந்து நகர்வதைக் காண்பது, அந்த நிலையில் வாழும் இளைஞருக்குச் சிறிய விடயமல்ல.

ஸஃதாரியும் ரெய்ஹான்லியும்

ஜோர்தானில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கு 2012 ஜூலையில் திறக்கப்பட்ட ஸஃதாரி முகாம், ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் வாழும் நகரமாக வளர்ந்தது. 2017 நவம்பரில் ஜெர்மனியின் நிதியுதவியுடன் அங்கு சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, குடியிருப்புகளுக்கு மின்சாரம் கிடைக்கும் நேரம் நாளொன்றுக்கு 8 மணியிலிருந்து 14 மணியாக உயர்ந்தது. பாடம் படிப்பதற்கும் கணினியை இயக்குவதற்கும் அந்தக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது.

அந்த முகாமில் அமைந்த புத்தாக்கக் கூடத்தில் சிரியர்கள் ரோபோ தொழில்நுட்பத்தைக் கற்றும் கற்பித்தும் வந்தனர். 2020இல் கொரோனா பரவியபோது, கைபடாமலே கிருமிநாசினி வழங்கும் ரோபோவின் மாதிரி ஒன்றை 'லெகோ' துண்டுகளைக் கொண்டு அவர்கள் உருவாக்கினர். உதவி பெறுபவர்களாக மட்டுமே பார்க்கப்பட்டவர்கள் தம் முகாமின் பாதுகாப்புக்குத் தாமே ஒரு கருவியைச் செய்ததால் அது கவனத்தை ஈர்த்தது.

துருக்கியின் ஹதாய் மாகாணத்தில், சிரிய எல்லையை ஒட்டியுள்ள ரெய்ஹான்லி நகரில் 'கரம் அறக்கட்டளை' என்ற அமைப்பு 'கரம் ஹவுஸ்' எனும் மையத்தை நடத்தியது. சிரிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லீனா செர்ஜி அத்தார் இந்த அறக்கட்டளையின் நிறுவனர்களில் ஒருவர். முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், கணினிகள், பட்டறைக் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு, தம்மைச் சுற்றியுள்ள பிரச்சினைகளுக்குத் தீர்வுகளை வடிவமைக்க அங்கு சிரிய இளைஞருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

15 வயதில் தொடங்கும் சிக்கல்

இந்த மாணவர்களின் முன்னே நிற்கும் பெரும் தடை, ஆவணம்.

லெபனான் 2015 ஜனவரியில் கொண்டுவந்த விதிகளின்படி, 15 வயதை எட்டிய ஒவ்வொரு சிரியரும் வதிவிட அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 200 டாலர். 2017இல் ஒரு பகுதியினருக்குக் கட்டண விலக்கு அறிவிக்கப்பட்டபோதிலும், அது எல்லா இடங்களிலும் சீராக நடைமுறைக்கு வரவில்லை. குழந்தையாகப் பெற்றோரின் ஆவணத்தில் எல்லையைக் கடந்தவர்கள் பலரிடம் தமக்கெனத் தனி அடையாள அட்டையே இல்லை. 2022 அளவில், லெபனானில் வாழ்ந்த 15 வயதுக்கு மேற்பட்ட சிரிய அகதிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோரிடமே செல்லுபடியாகும் வதிவிட அனுமதி இருந்தது.

ரோபோ அணியில் சேரும் வயதும், சட்டபூர்வ நிலையை இழக்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டன. அனுமதி இல்லாதவர் சோதனைச் சாவடியைக் கடக்கவே அஞ்சுகிறார். அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் போட்டியில் பங்கேற்றால், மீண்டும் லெபனானுக்குள் நுழைய முடியுமா என்பது நிச்சயமில்லை. கடவுச்சீட்டு பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. 2017 முதல் வெளிநாடுகளிலுள்ள சிரியத் தூதரகங்கள் சாதாரண முறையில் 300 டாலரும், விரைவாகப் பெற 800 டாலரும் கட்டணமாக அறவிட்டன.

வாஷிங்டன் போட்டி நடந்த காலமும் இக்கட்டானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த பயணத் தடை உத்தரவுகளில் சிரியா இடம்பெற்றிருந்தது. ஆயினும் சிரிய அகதிகள் அணிக்கு விசா கிடைத்தது. ஆப்கானிஸ்தான் மாணவிகளின் அணிக்கு இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, அதிபரின் தலையீட்டுக்குப் பின்னரே அனுமதி கிடைத்தது. மறுபுறம், போட்டி முடிந்ததும் புருண்டி அணியின் ஆறு மாணவர்களும் காணாமல் போயினர். அவர்களில் இருவர் கனடாவுக்குள் சென்றது பின்னர் தெரியவந்தது. நெருக்கடி மிகுந்த நாடுகளின் இளைஞருக்கு விசா வழங்க அதிகாரிகள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும், அந்த இளைஞர் ஏன் திரும்பிச் செல்லத் தயங்குகிறார்கள் என்பதையும் அந்த ஒரே வாரம் எடுத்துக்காட்டியது.

கற்ற பின் வேலை செய்யும் உரிமை அடுத்த தடை. விவசாயம், கட்டுமானம், துப்புரவு ஆகிய மூன்று துறைகளிலேயே சிரியர்கள் வேலை செய்யலாம் என லெபனான் வரையறுத்தது. ஜோர்தான் 2016 முதல் சிரியர்களுக்கு வேலை அனுமதி வழங்கியது. எனினும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழில்களை வெளிநாட்டவருக்கு அது திறக்கவில்லை. தானியங்கி இயந்திரத்தை வடிவமைக்கத் தெரிந்த இளைஞருக்குச் சட்டம் அனுமதித்தது வயல் வேலையைத்தான்.

வாசல் திறக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்குத் துருக்கி ஓர் எடுத்துக்காட்டு. அந்நாடு தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற சிரியர்களைத் தன் பல்கலைக்கழகங்களில் சேர்த்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டளவில் 50 ஆயிரத்துக்கும் அதிகமான சிரியர்கள் அங்கு உயர்கல்வி பயின்றனர். உலக அளவில் அகதி இளைஞரில் உயர்கல்வி பெறுவோர் 2016இல் ஒரு சதவீதமாக இருந்து 2023இல் சுமார் ஏழு சதவீதமாக உயர்ந்தனர். இந்த உயர்வு நிகழக் காரணம், சேர்க்கை விதிகளும் உதவித்தொகைகளும் மாறியதே.

விமர்சனங்கள்

ரோபோத் திட்டங்களை விமர்சிப்போரும் உண்டு. போட்டித் தரத்திலான கருவிப் பெட்டிகளின் விலை அதிகம். ஓர் அணியில் பங்கேற்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். எழுதப் படிக்கவே வாய்ப்புக் கிடைக்காத ஆயிரக்கணக்கான சிறார் வெளியே நிற்கையில், சிலரின் வெற்றிக் கதையைக் காட்டி நிதி வழங்கும் நாடுகள் மனநிறைவு அடைந்துவிடுகின்றன என்பது அவர்களின் வாதம். சாதித்துக் காட்டினால்தான் அகதிக்கு மரியாதை என்ற எண்ணத்தை இது வளர்க்கும் என்ற அச்சமும் உள்ளது.

இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. கல்வி பெறும் உரிமை திறமைசாலிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் ரோபோத் திட்டத்தை நிறுத்தினால் அந்தப் பணம் தானாகவே ஆரம்பக் கல்விக்குச் சென்று சேரும் என்று கருதுவதற்கும் ஆதாரமில்லை. 2025இல் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் உதவியைக் குறைத்தபோது எல்லாத் திட்டங்களுமே பாதிக்கப்பட்டன. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகம் சுமார் 3,500 பணியிடங்களை நீக்குவதாக அந்த ஆண்டு ஜூனில் அறிவித்தது.

லெபனானில் உள்ளூர் நெருக்கடிகளும் தொடர்ந்தன. 2019இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் நாணயம் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. அரசு மின்சாரம் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரமாகக் குறைந்தது. 2024 இலையுதிர்காலத்தில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் இடையே போர் தீவிரமடைந்தபோது பெக்காவும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அகதிகளாக வந்தவர்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர்.

திரும்பிச் செல்வோரின் கேள்வி

2024 டிசம்பர் 8ஆம் தேதி பஷார் அல் அசதின் ஆட்சி வீழ்ந்தது. 2025 செப்டம்பருக்குள் பத்து லட்சம் அகதிகள் சிரியா திரும்பிவிட்டதாக ஐ.நா. தெரிவித்தது. 18 வயதானதும் கட்டாய ராணுவ சேவையில் சேர்க்கப்படுவோம் என்று அஞ்சிய இளைஞருக்கு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது பெரும் ஆறுதல்.

ஆனால் அவர்கள் திரும்பிய நாட்டில், போரின்போது 7,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் சேதமடைந்தோ அழிந்தோ இருந்தன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல பகுதிகளில் மின்சாரம் நாளொன்றுக்குச் சில மணி நேரமே கிடைத்தது. மொழிப் பிரச்சினையும் இப்போது தலைகீழாகிவிட்டது. துருக்கிய மொழியில் படித்து வளர்ந்த பிள்ளைகள், தாய்மொழியான அரபியில் எழுதத் தடுமாறுகின்றனர். வெவ்வேறு நாடுகளிலும், சிரியாவுக்குள்ளேயே வெவ்வேறு தரப்பினரின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் பெற்ற சான்றிதழ்களை ஒரே அளவுகோலில் மதிப்பிட வேண்டிய கடமை புதிய நிர்வாகத்துக்கு ஏற்பட்டுள்ளது.

சிரியாவை மீளக் கட்டியெழுப்ப 216 பில்லியன் டாலர் தேவைப்படும் என உலக வங்கி 2025 அக்டோபரில் மதிப்பிட்டது. மின்நிலையங்கள், குடிநீர்க் குழாய்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றைச் சீரமைக்கப் பணம் மட்டும் போதாது. பழுதைக் கண்டறிந்து திருத்தத் தெரிந்த கைகளும் வேண்டும். கூடாரங்களுக்கு அருகே இருந்த வகுப்பறைகளில் ஒரு சிறு பகுதியினர் கற்றுக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். அவர்களின் படிப்பை அங்கீகரிக்கும் சான்றிதழும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியும், வேலை செய்யும் அனுமதியும் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே அது நாட்டுக்குப் பயன்படும். சிரியாவுக்குத் திரும்பியோருக்கும், திரும்ப முடியாமல் வெளிநாடுகளில் தங்கியிருப்போருக்கும் இது பொருந்தும்.

சர்வதேசப் போட்டியில் பங்கேற்கும் வயது 18உடன் முடிந்துவிடுகிறது. 2017இல் வாஷிங்டன் சென்றவர்கள் இன்று இருபது வயதைக் கடந்த இளைஞர்கள். போர் தொடங்கிய 2011இல் பிறந்த சிரியக் குழந்தைகளோ, 2025இல் பனாமா சிட்டியில் அதே போட்டி நடந்தபோது, அதில் சேருவதற்குரிய 14 வயதை எட்டினர்.